கிணற்று மோட்டார் முதல் கேட் பூட்டு வரை: கிராஃபைட்டை எங்கே போடலாம், எங்கே கூடாது?

கிணற்று மோட்டாரில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வெளியே வரும் இடத்தில் தண்ணீர்க் கசிவைக் கட்டுப்படுத்தும் கிளாண்ட் கயிறு வாங்க பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ ஒரு கடைக்குப் போனால் கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று மூன்று நிறத்தில் கயிறு எடுத்துப் போடுவார்கள். கூடவே கொழுப்பு ஊறிய பழுப்புப் பருத்திக் கயிறும் இருக்கும். விலையில் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம். எது நல்லது என்று கேட்டால் "எல்லாமே ஓடும்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் எந்தத் தண்ணீரில், எந்த ஷாஃப்டின் மேல், எத்தனை மாதம் சும்மா நின்ற பிறகு என்று கேட்டால் நான்குக்கும் நான்கு பதில் வரும்.

கறுப்புக் கயிற்றில் இருப்பது கிராஃபைட். பூட்டுக்குள் போடும் கறுப்புத் தூளும் அதுதான். போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரின் அடியில் மொத்த பாரத்தையும் தாங்கும் கார்பன் பேரிங்கிலும், மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக இருக்கும் வீட்டு மோனோபிளாக்கின் வாட்டர் சீலிலும் இருப்பது அதே குடும்பப் பொருள். ஆகவே இந்த இடங்களில் எதை வாங்குவது என்ற கேள்வி கடைசியில் ஒரே கேள்வியாக வந்து நிற்கிறது: கிராஃபைட் தண்ணீரோடு எப்படி நடந்துகொள்ளும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரக் காற்று படும் இடத்திலும், தண்ணீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும் இடத்திலும் கிராஃபைட்டை நம்பலாம். தண்ணீர் தேங்கி நின்று, பக்கத்தில் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருந்தால் யோசிக்க வேண்டும். மின்சார இணைப்புகளின் கிட்டத்திலேயே கொண்டுபோகக் கூடாது. இந்த மூன்றும் ஏன் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் குழம்பத் தேவையில்லை.

ஈரம் இருந்தால்தான் வழுக்கும்

கிராஃபைட் முழுக்கக் கரிமம். அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னி ஒரு தாளாகவும், அப்படிப்பட்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கியிருக்கும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே 1.42 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). தாளுக்கும் தாளுக்கும் நடுவே 3.35 ஆங்ஸ்ட்ராம். தாளுக்குள் பிணைப்பு மிக உறுதி, தாள்களுக்கு நடுவே அது பலவீனம். 1924-இல் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அமைப்பைத் தெளிவாக்கினார். தாள்கள் நழுவுவதால் கிராஃபைட் வழுக்குகிறது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தெரிந்தது. தரையில் நெடுநாள் உழைத்த கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரத்தைக் கடத்தும் துண்டுகள்), மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் சில மணி நேரத்திலேயே பொடிப்பொடியாகத் தேய்ந்து போயின. அவ்வளவு உயரத்தில் காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய கிடையாது என்பதுதான் காரணம். 1948-இல் ஆர்.எச். சாவேஜ் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது: கொஞ்சம் நீராவி இருந்தால் கிராஃபைட்டின் உராய்வு குறைகிறது, நீராவியை முழுக்க எடுத்துவிட்டால் உராய்வும் தேய்மானமும் பல மடங்கு ஏறுகின்றன. தாள்களின் ஓரங்களில் பிணையத் துடிக்கும் அணுக்கள் உண்டு. நீர் மூலக்கூறுகள் அங்கே போய் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைக்கின்றன. ஈரம் தெளித்த வெற்றிலைக் கட்டில் இலைகள் சுலபமாக நழுவிப் பிரியும், காய்ந்த கட்டில் ஒட்டிக்கொண்டு ஓரம் கிழியும் அல்லவா, கிராஃபைட்டின் குணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

கடையில் கிராஃபைட்டுக்குப் பதிலாகச் சில சமயம் இன்னொரு கறுப்புத் தூளைக் கொடுப்பார்கள். அது மாலிப்டினம் டைசல்ஃபைடு. பட்டறைக்காரர்கள் 'மாலி' என்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதன் குணம் நேர் எதிர். உலர்ந்த இடத்திலும் வெற்றிடத்திலும் அது அருமையாக வழுக்கும், ஈரம் ஏற ஏற மோசமாகும். டிராக்டர் இணைப்புகளில், கிரீஸோடு கலந்த மாலி நன்றாக உழைக்கும். ஆனால் கிணற்று மேட்டில், பம்ப் ஷெட்டில், ஓசூர் பக்கத்து ரோஜாக் குடில்களின் ஈரக் காற்றில் தனித் தூளாகப் போட வேண்டியது கிராஃபைட்தான்.

கிராஃபைட் தண்ணீரில் கரையாது, ஊறி உப்பாது. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உப்புத் தண்ணீரும் ஃப்ளோரைடு தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. கரி சிவக்கச் சூடேறி அதன்மேல் நீராவி பட்டால்தான் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாறும். பம்ப் வேலையில் அந்தச் சூட்டுக்கு இடமே இல்லை. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 2.2. ஆனாலும் நல்ல தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் மேலேயே மிதக்கும், ஏனென்றால் தண்ணீர் அதை எளிதில் நனைப்பதில்லை. பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால் நனைந்து கீழே இறங்கத் தொடங்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின், வெட்டி எடுத்த பாறையை அரைத்து, தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு, குமிழியோடு ஒட்டி மேலே வரும் கிராஃபைட்டை வழித்து எடுக்கிறது. பாறைத்தூள் நனைந்து அடியில் தங்கிவிடும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது குடிநீர் சம்பந்தப்பட்டது. கிராஃபைட்டும் கரி, ஃபில்டரில் இருப்பதும் கரி, அதனால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபில்டரில் இருப்பது நுண்துளைகள் நிறைந்த ஊக்குவித்த கரி. அது குளோரின் வாசனையையும் சில கரிமப் பொருள்களையும் பிடிக்கும். நம் போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடைச் சாதாரணக் கரி ஃபில்டர் உருப்படியாகக் குறைக்காது, கிராஃபைட் தொடவே தொடாது. அதற்கு ஊக்குவித்த அலுமினாவோ ஆர்.ஓ.வோ வேண்டும். 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இனி கெட்ட குணம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு கலந்த தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், எளிதில் வினைபுரியும் உலோகம் அரிக்கப்படும், மற்றது தப்பிக்கும். இந்த வரிசையில் கிராஃபைட் தப்பிக்கும் பக்கத்தின் கடைசியில், பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அதோடு சேர்ந்து ஈரத்தில் கிடக்கும் அலுமினியம், துத்தநாகம், இரும்பு எல்லாம் அரிக்கப்படும். விமானத் தொழிலாளர்களிடம் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள் என்று சொல்லி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பென்சில் கோட்டில் இருக்கும் கிராஃபைட்டே ஈரம் பட்டால் அரிப்பைத் தொடங்கி வைக்கப் போதும்.

கிளாண்ட் கயிறு: கறுப்பா, வெள்ளையா, சாம்பலா?

கிணற்று மேட்டில் இருக்கும் பழைய சென்ட்ரிஃபியூகல் பம்ப்பிலும், டீசல் என்ஜினோடு பூட்டும் பம்ப்பிலும் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்குள் கயிற்றை வளையங்களாக அடுக்கி, கிளாண்ட் என்ற மூடியை இரண்டு நட்டால் அழுத்தி வைப்போம். தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

கொழுப்பு ஊறிய பருத்திக் கயிறு விலை குறைவு, மெத்தென்று இருக்கும், ஷாஃப்டைக் கீறாது. குளிர்ந்த நல்ல தண்ணீருக்கு இன்றும் மோசமில்லை. ஆனால் ஓட ஓடக் கொழுப்பு கழுவிப்போய் நார் மட்டும் மிஞ்சும். பிறகு அது இறுகி ஷாஃப்டில் பள்ளம் போடும். வருடத்துக்குச் சில வாரம் மட்டும் ஓடும் பம்ப்புக்கு இது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளைக் கயிறு டெஃப்லான். எந்த ரசாயனத்தோடும் சேராது, கறை விடாது. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலைகளைப் போல உணவுப் பொருள் ஓடும் இடத்தில் வெள்ளைக் கயிறோ அதற்கென்றே தயாரித்த சீலோதான் சரி. கறுப்புக் கயிறு அங்கே பேச்சுக்கே இடமில்லை, கூழில் ஒரு கறுப்புத் துகள் தெரிந்தாலே அந்தத் தொகுதி போச்சு. டெஃப்லானின் குறை, அது வெப்பத்தைக் கடத்தாது. ஷாஃப்ட் உரசிச் சூடானால் சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். டெஃப்லான் சூட்டில் விரியும், விரிந்தால் இன்னும் இறுக்கும், இறுக்கினால் இன்னும் சூடாகும். கிணற்றில் தண்ணீர் வற்றிப் பம்ப் காற்றை இழுக்கும் நாளில் இது சீக்கிரம் கெடும்.

சுத்த கிராஃபைட் கயிறு நல்ல கறுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டும். கிராஃபைட் செதில்களை அமிலத்தில் ஊறவைத்து, திடீரென்று கடும் சூட்டில் காட்டினால் பல நூறு மடங்கு உப்பும். அதை அழுத்தி நாடாவாக்கிப் பின்னியதுதான் இது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஷாஃப்டைக் கீறாது, சூட்டில் டெஃப்லான் போல இறுகாது. இந்த வரிசையிலேயே மிகக் குறைவான கசிவில் ஓடக்கூடியதும் இதுதான். அப்படியென்றால் எல்லோரும் இதையே வாங்கலாமே? கூடாது என்கிறேன், இரண்டு காரணங்களால். ஒன்று, இது மிருதுவானது. மணல் கலந்த தண்ணீரில் மணல் இதற்குள் பதிந்து, ஷாஃப்டைத் தேய்க்கத் தொடங்கும். இரண்டாவது, முன்பே சொன்ன அரிப்பு. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் அல்லது ஸ்லீவ் (ஷாஃப்டின் மேல் மாட்டும் உறைக்குழாய்) உள்ள பம்ப்பை மூன்று நான்கு மாதம் ஓட்டாமல், ஈரக் கிராஃபைட் கயிறு சுற்றியபடியே விட்டால், கயிறு தொட்ட இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழிகளின் மேல் அடுத்த பருவத்தில் எந்தக் கயிறு போட்டாலும் நிற்காது. இதைத் தடுக்கத் துத்தநாகத் தூளோ வேறு அரிப்புத் தடுப்பானோ கலந்து வரும் கயிறும் உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். நம் பக்கம் பம்ப்கள் மழைக்காலத்தில் நெடுநாள் சும்மா நிற்பவை என்பதால் இந்தக் குறையை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சாம்பல் நிறத்தில் இரண்டு விதம் இருக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும். ஒன்று டெஃப்லானுக்குள்ளேயே கிராஃபைட்டைக் கலந்து இழுத்த நூலில் பின்னியது. இன்னொன்று கிராஃபைட் பூசிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. பின்னது மலிவு, பழைய மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது, ஆனால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருடம் கழித்து உயிரைக் குடிக்கும் நோய்களைக் கொண்டுவரும். பழைய பம்ப்பில் ஏற்கெனவே அந்தக் கயிறு இருந்தால், காய்ந்த நிலையில் குத்திச் சுரண்டக் கூடாது. நன்றாக நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டு எடுத்து, பையில் கட்டி வைக்க வேண்டும். ஊதித் தட்டுவது கூடவே கூடாது.

டெஃப்லானும் கிராஃபைட்டும் கலந்த சாம்பல் கயிறுதான் பாசனக் கிணற்றுப் பம்ப்புக்கு என் தேர்வு. கிராஃபைட் கலந்திருப்பதால் சூடு வெளியேறுகிறது. டெஃப்லான் சூழ்ந்திருப்பதால் கிராஃபைட் நேராக உலோகத்தோடு உரசி அரிப்பது குறைகிறது. விலை பருத்தியைவிட அதிகம்தான், ஆனால் ஒரு ஷாஃப்டைக் கடைசலுக்கு அனுப்பி ஸ்லீவ் போடும் செலவோடு ஒப்பிட்டால் கயிற்றின் விலை ஒன்றுமே இல்லை. கிருஷ்ணகிரி கிரானைட் அறுவை ஆலைகளில் கல்மாவு கலந்த தண்ணீரை இறைப்பவர்களுக்கு மட்டும் இதுவும் சரிப்படாது. அங்கே மூலைகளில் தேய்மானத்தைத் தாங்கும் மஞ்சள் அராமிட் நார் வைத்துப் பின்னிய கயிறும், கடினமாக்கிய ஸ்லீவும், கிளாண்டுக்குள் தனியாக நல்ல தண்ணீர் விடும் வழியும் வேண்டும்.

எந்தக் கயிறு வாங்கினாலும் போடும் முறை தப்பானால் பணம் வீண். கயிற்றை நீளமாகச் சுருட்டித் திணிப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். அப்படிச் செய்தால் தண்ணீர் அந்தச் சுருளையே வழியாக்கிக்கொண்டு வெளியே வரும். ஷாஃப்டின் அதே கனமுள்ள ஒரு தடியில் சுற்றி, தனித்தனி வளையமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் வெட்டு வாயும் முந்தையதிலிருந்து கால் சுற்றுத் தள்ளி வர வேண்டும். நட்டுகளை முதலில் விரலால் மட்டும் முறுக்கி, தாராளமாகத் தண்ணீர் ஒழுக விட்டே பம்ப்பை ஓட்டுங்கள். சில நிமிடம் ஓடிய பிறகு இரண்டு நட்டையும் சமமாக, ஸ்பேனரில் நட்டின் ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று) அளவுக்குத் திருப்புங்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு முகம். நொடிக்கு ஒரு சொட்டு என்ற அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

"சொட்டு நிக்கிற வரைக்கும் முறுக்குங்கண்ணா" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்காதீர்கள். அந்தச் சொட்டுதான் ஷாஃப்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே படலமாக நின்று குளிர்விக்கிறது. அது நின்றால் கிராஃபைட்டே ஆனாலும் கருகும். அப்புறம் இன்னொன்று: கிணற்றிலிருந்து உறிஞ்சி இழுக்கும் பம்ப் அடிக்கடி தண்ணீரைப் பிடிக்காமல் விட்டுவிட்டால் எல்லோரும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள். காய்ந்துபோன கிளாண்ட் வழியாகக் காற்று உள்ளே போவதும் அதே கோளாறைத் தரும். கிளாண்டின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பம்ப் தேறினால் கயிறு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வீட்டு மோனோபிளாக்: கயிறா, சீலா?

வீட்டு மோனோபிளாக்கில் கயிறே கிடையாது. சுழலும் கார்பன் வளையம் ஒன்று, அசையாத செராமிக் வளையத்தின் மேல் ஸ்பிரிங்கால் அழுந்தி ஓடும். இரண்டு முகங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம். அந்தக் கார்பன் வளையம் கிராஃபைட்டும் கரியும் கலந்து, துளைகளில் பிசின் ஏற்றிச் செய்தது. நல்ல தண்ணீருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை, சொட்டே இருக்காது. தண்ணீரில்லாமல் ஓட்டினால் மட்டும் படலம் போய், முகங்கள் சூடாகி, பிறகு தண்ணீர் பட்டதும் செராமிக் வெடிக்கும். தொட்டித் தண்ணீர் தெளிவாக இருக்கும் வீட்டுக்குச் சீல், கலங்கல் வரும் கிணற்றுக்குக் கயிறு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

போர் மோட்டார்: தண்ணீர் நிரப்பியதா, ஆயில் நிரப்பியதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ஆயிரம் அடியைத் தாண்டி இறங்கும் போர்கள் இப்போது யாருக்கும் ஆச்சரியமில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரைத் தள்ளும்போது பம்ப்பின் அடுக்குகள் கீழ்நோக்கித் தரும் அழுத்தம் முழுவதும் மோட்டாரின் அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கில்தான் விழுகிறது.

தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் அந்த பேரிங் பெரும்பாலும் கார்பன் தட்டு. கீழே கெட்டியான ஸ்டெயின்லெஸ் துண்டுகள், ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்துகொள்ளக் கூடியவை. முழு வேகத்தில் ஓடும்போது அந்தச் சாய்வில் தண்ணீர் ஆப்பு போலப் புகுந்து, கார்பனைத் துண்டுகளிலிருந்து தூக்கி நிறுத்தும். அப்போது தேய்மானம் ஏறக்குறைய இல்லை. தொடங்கும் நொடியிலும் நிற்கும் நொடியிலும்தான் படலம் இல்லாமல் உரசல் நடக்கிறது. அந்தச் சில நொடிகளைத் தாங்கிக் கொடுப்பதற்காகத்தான் கிராஃபைட். எனவே இந்த பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓடிய மணி நேரத்தைவிட, எத்தனை முறை ஆன் ஆஃப் ஆனது என்பதுதான். அரை மணி நேரத்தில் வற்றிவிடும் போரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி, ஊறி வர வரத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது அதைக் கொல்லும் வழி. அதைவிட வால்வைக் கொஞ்சம் மூடித் தண்ணீரைக் குறைத்து, தொடர்ந்து ஓடும்படி வைப்பது மேல். மின்சாரம் போய் உடனே வந்தால் சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பி இறங்கி மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் சேர்த்து அடி விழும்.

ஆயில் நிரப்பிய மோட்டாரில் பால் பேரிங் இருக்கும், உள்ளே எண்ணெய். அடிக்கடி ஆன் ஆஃப் ஆவதை இது கொஞ்சம் நன்றாகத் தாங்கும், உள்ளே மணல் போகவும் வழி குறைவு. ஆனால் சீல் பழுதானால் எண்ணெய் போருக்குள் கலக்கும். குடிக்க, சமைக்க, மாடு குடிக்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே போர்தான் என்றால் தண்ணீர் நிரப்பியதையே வாங்குங்கள். கார்பன் தேய்ந்து கலந்தாலும் அது கரையாத, நஞ்சில்லாத பொருள். பாசனத்துக்கு மட்டும், ஊற்றும் குறைவு என்றால் ஆயில் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். தண்ணீர் நிரப்பியதை இறக்கும் முன் சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றி, காற்றுக் குமிழி முழுக்க வெளியேறிய பிறகே மூடியை முறுக்க வேண்டும். அவசரத்தில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள மணல் நேராகக் கார்பன் தட்டின் முகத்துக்குத்தான் போகும். பேனலில், தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் தடுப்பானும் இருக்கட்டும், போரில் தண்ணீர் வற்றியது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

பூட்டு, ஷட்டர், துருவேறும் நட்டு

தோட்டத்துக் கேட் பூட்டு இறுகினால் கைக்குக் கிடைப்பதை ஊற்றுகிறோம். தேங்காய் எண்ணெய் முதல் வாரம் அருமை, பிறகு பிசுபிசுப்பாகி மார்கழிக் குளிரில் உறையும். பழைய என்ஜின் ஆயில் தூசியைப் பிடிக்கும், கல் உடைக்கும் ஊர்களில் அந்தத் தூசி கிரானைட் மாவு; எண்ணெயோடு சேர்ந்தால் பூட்டின் பித்தளை ஊசிகளை அரம் வைத்து ராவியதுபோல் தேய்த்துவிடும். டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரே, இறுகியதை விடுவிக்கவும் ஈரத்தை வெளியேற்றவும் நல்லது. நீண்ட நாள் வழவழப்புக்கு அதை நம்ப முடியாது.

கிராஃபைட் தூள் இங்கே தெளிவாக ஜெயிக்கிறது. ஒட்டாது, தூசியைப் பிடிக்காது, காற்றின் ஈரம் அதற்குத் துணை. ஆனால் ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் தூளைப் போடாதீர்கள், கறுப்புக் களிம்பாகி அடைத்துக்கொள்ளும். முதலில் கழுவி, உலர விட்டு, பிறகு சாவித் துளையில் ஒரு சிட்டிகை ஊதினால் போதும். தூளை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சிலைச் சுரண்டிப் போடுவதும் அவசரத்துக்கு நடக்கும். பென்சிலில் இருப்பது தனிக் கிராஃபைட் அல்ல, களிமண்ணும் சேர்ந்தது. 1795-இல் பிரான்சில் கோன்டே கண்டுபிடித்த கலவை இன்றும் அடிப்படையில் அதுதான். களிமண் தேய்க்கும் பொருள். எனவே எச்.பி. வேண்டாம், களிமண் குறைந்த 6பி, 8பி இருந்தால் சாவியின் மேல் தடவிப் போட்டுத் திருப்புங்கள்.

மழையில் நனையும் அலுமினிய உடல் பூட்டு, அலுமினியச் சட்ட ஜன்னல், ஸ்லைடிங் கதவுப் பாதை இவற்றுக்குக் கிராஃபைட் வேண்டாம். சிலிகான் ஸ்பிரேயோ டெஃப்லான் ஸ்பிரேயோ போடுங்கள். டீசல் என்ஜின் சைலன்சர் போல்ட்டில் எண்ணெய் எரிந்து போகும், கிராஃபைட் களிம்பு நிற்கும். அடுத்த முறை கழற்றும்போது போல்ட் முறியாது. தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு டெஃப்லான் டேப் போதும். ஸ்டார்ட்டர் பெட்டி, சுவிட்ச், மோட்டார் டெர்மினல் பக்கம் கிராஃபைட் தூளோ களிம்போ போகவே கூடாது, அது மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும்.

கயிறு வாங்கும் முன் பம்ப்பின் உடலையே ஒருமுறை பாருங்கள். பழைய பம்ப் உடல்கள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் இயல்பாகவே உண்டு. உப்புத் தண்ணீரில் பல வருடம் கிடந்தால், அந்தச் செதில்கள் தப்பிக்க, சுற்றியுள்ள இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். மிஞ்சுவது கிராஃபைட்டும் துருவும் கலந்த சட்டம். வெளியே பார்த்தால் உருவம் கெடாமல் அப்படியே இருக்கும், பெயின்டும் இருக்கும். கிளாண்ட் அறையின் உள்விளிம்பிலும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ஓரத்திலும் ஒரு பேனாக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். பளபளப்பான உலோகம் தெரிந்தால் சாம்பல் கயிறு வாங்கி வந்து போடலாம். கத்தி சுலபமாக இறங்கி, கையில் கறுப்பாக ஒட்டினால் கயிற்றுக்குச் செலவு செய்யாமல் புதுப் பம்ப்புக்கு விலை கேளுங்கள்.